அந்தத் தனித் தம்ளர்

மறுபடி பிறப்பதுன்னா வெறும் பேர் மாற்றம்தானேன்னு எதிரணி கேட்டாங்க.

அய்யா, 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி. டச்சுத் தளபதி டிலனாய் மூலம் கிறிஸ்துவை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதோட நிற்கலை. மேல்சாதி, கீழ்சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகினார். 1752-இல் காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2022-இல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அன்றைக்குத் திண்டுக்கல்லில், பூட்டுப் பட்டறை வச்சிருக்கிற நான், அவர் படத்துக்கு மாலை போட்டேன். கைக்குழந்தையிலேயே ஞானஸ்நானம் வாங்கினவன். ஆனா எங்க வீட்டுல வேலைக்கு வர்ற அம்மாவுக்குத் தனித் தம்ளர். என் மக கேட்டா:

"அப்பா, இவர் நம்ம வீட்டுக்கு வந்தா எந்தத் தம்ளர்ல குடிப்பாரு?"

ஊருக்கெல்லாம் பூட்டு செய்யிறவன், வாயடைச்சு நின்னேன். மறுநாள் எங்க தம்ளர்லயே காப்பி கொடுத்தோம். அந்த அம்மா வாங்கத் தயங்கினாங்க. "தப்பு எங்களதும்மா, மன்னிச்சுக்குங்க"ன்னேன். அவங்க ஒண்ணும் சொல்லலை, உட்கார்ந்து குடிச்சாங்க.

தலையில தண்ணி பட்டது குழந்தையில. நான் பிறந்தது அன்னிக்குத்தான் என்று கூறி விடைபெறுகிறேன்.