ஊர் திரும்புகிறவர்கள் எந்த ஊருக்குத் திரும்புகிறார்கள்?

(தஞ்சையில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் இருப்பவர்களில், எங்கள் வீட்டிலிருந்து ஒருவர்கூட வெளிநாட்டுக்குப் போனதில்லை என்று சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்? கை தூக்கச் சொன்னால் சில கைகள்தான் எழும் என்று நினைக்கிறேன். பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, நாகப்பட்டினம் என்று எந்தப் பக்கம் போனாலும் இதுதான் நிலைமை. அப்பா சிங்கப்பூரில் இருந்திருப்பார், மாமா துபாயில் இருப்பார், தாத்தாவின் அண்ணன் மலாயாவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டிருப்பார். அதனால்தான் 'ஊர் திரும்புதல்' என்பதைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டேன்.

ஊர் திரும்புவதைப் பற்றி நம்மிடம் நிறைய சினிமாப் பாட்டு இருக்கிறது, மண்வாசனைக் கதை இருக்கிறது. ஆனால் ஒரு சின்னக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. திரும்புகிறவர் எந்த ஊருக்குத் திரும்புகிறார்?

நம் பக்கத்தில் 'ஊர்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். விலாசத்தில் எழுதுகிற ஊர் ஒன்று. 'ஊர் கூடி முடிவெடுத்தது', 'ஊர்த் திருவிழா', 'ஊர்க்கட்டுப்பாடு' என்று சொல்லும்போது வருகிற ஊர் இன்னொன்று. இந்த இரண்டாவது ஊருக்குள் சேரி கிடையாது. 2011 கணக்கெடுப்பின்படி திருவாரூர் மாவட்டத்தில் மூன்றில் ஒருவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். அந்த மூன்றில் ஒருவர், 'நான் ஊருக்குப் போகிறேன்' என்று விமான நிலையத்தில் சொன்னால், அவர் போய்ச் சேருகிற இடம் வேறு. பக்கத்து இருக்கையில் வந்தவர் போய்ச் சேருகிற இடம் வேறு. இருவர் கையிலும் ஒரே நிறத்துக் கடவுச்சீட்டுதான் இருக்கும். பேருந்தை விட்டு இறங்கியதும் பாதை பிரிந்துவிடும்.

இதன் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

பழைய தஞ்சை மாவட்டத்தில் பண்ணையாளுக்கு வயல் மட்டுமல்ல, வீடும் சொந்தமில்லை. குடிசை நின்ற மனை மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் வேலை போகும், கூடவே மனையும் போகும். குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று சட்டம் வந்தது 1971-இல்தான். அதற்கு முந்தைய தலைமுறைகளில் கடல் கடந்து போன பண்ணையாளுக்குத் 'தாயகம்' என்பது என்ன? இன்னொருவர் மண்ணில், இன்னொருவர் தயவில் நின்ற ஒரு குடிசை. திரும்பி வருவது என்றால் அந்தத் தயவுக்குள் திரும்பி வருவது.

அப்படிப்பட்ட இடத்திலிருந்துதான் நாகப்பட்டினம் துறைமுகம் வழியாக மக்கள் பினாங்குக்குக் கப்பல் ஏறினார்கள். முதலில் சஞ்சிக்கூலி. அது மலாயாவில் 1910-இல் முடிவுக்கு வந்தது. பிறகு கங்காணி ஆள் பிடித்துக்கொண்டு போனார். மிராசுதாரின் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் தப்பிப் போனவர்கள் சொர்க்கத்துக்குப் போய்விடவில்லை. ரப்பர் தோட்டத்தில் துரை இருந்தார், கிராணி இருந்தார், கங்காணி இருந்தார். சாதியும் கூடவே கப்பல் ஏறியது. பல தோட்டங்களில் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தனி லயன் இருந்தது. 'கடல் கடந்தால் சாதி போய்விடும்' என்பது அன்றைக்கும் பொய், இன்றைக்கும் பொய். 2023-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் போட வேண்டி வந்தது என்றால், நம் ஆட்கள் எதையெல்லாம் பெட்டியில் வைத்து எடுத்துப் போயிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஆனாலும் அங்கே ஒன்று நடந்தது. கூலி நெல்லாக இல்லாமல் காசாக வந்தது. காசை எண்ணிப் பார்க்கலாம். சீனத் தொழிலாளி வாங்குவதோடு ஒப்பிட்டுக் கேள்வி கேட்கலாம். சுயமரியாதை இயக்கம் அங்கேயும் போய்ச் சேர்ந்தது. பெரியார் 1929 இறுதியில் மலாயா போனார். திருவாரூரில் பிறந்த கோ. சாரங்கபாணி 1935-இல் சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' தொடங்கினார்.

1941-இல் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தலைமை தாங்கியவர் ஆர்.எச். நாதன். அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்கு இணையான சம்பளம் வேண்டும் என்று இருக்கும். அது எதிர்பார்க்கக்கூடியதுதான். கூடவே இன்னொரு கோரிக்கை இருக்கும்: துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும்.

சைக்கிள், தோழர்களே! சம்பளத்துக்குப் பக்கத்திலேயே சைக்கிளையும் எழுதியிருக்கிறார்கள். நம் ஊரில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்து, துண்டை இடுப்பில் கட்டி, ஒதுங்கி நின்ற சமூகத்தின் பிள்ளைகளும் அந்தத் தோட்டங்களில் இருந்தார்கள். இறங்கி நிற்பது என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது. அரசு படையை அனுப்பியது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

இனி திரும்பி வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பட்டுக்கோட்டைப் பக்கம் வாட்டாக்குடியில் பிறந்த வெங்கடாசலம் சின்ன வயதிலேயே சிங்கப்பூர் போனார். சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தார். அந்தப் படையில் சாதி, மதம் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே சமையல். பிறகு தொழிற்சங்கத்தில் வேலை செய்தார். 'இரணியன்' என்று பெயரை மாற்றிக்கொண்டார். புராணம் அரக்கன் என்று சொன்னவனை வீரனாகக் காட்டி 1934-இலேயே பாரதிதாசன் நாடகம் எழுதியிருந்தார். அந்தக் காலத்தில் அப்படி ஒரு பெயரைச் சூடுவது எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று அறிவிப்பதுதான்.

1948-இல் மலாயாவில் நெருக்கடி நிலை வந்தது, தொழிற்சங்கங்கள் நசுக்கப்பட்டன. மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர், நம் தம்பிக்கோட்டையில் பிறந்த எஸ்.ஏ. கணபதி. 1949 மே 4 அன்று கோலாலம்பூரில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவர் ஊர் திரும்பவே இல்லை. இரணியன் திரும்பினார். பண்ணையாட்களோடு சேர்ந்து பண்ணையார்களை எதிர்த்தார். தலைமறைவாக இருந்தவரை 1950 மே 5 அன்று வடசேரிப் பக்கம் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஓர் ஆண்டும் ஒரு நாளும்தான் இடைவெளி. கடலுக்கு அந்தப் பக்கம் தூக்குக் கயிறு, இந்தப் பக்கம் துப்பாக்கி. அங்கே வெள்ளைக்காரன் ஆட்சி, இங்கே சுதந்திர இந்தியா.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, இரணியன் சேரியில் பிறந்தவர் அல்லர். அவர் நினைத்திருந்தால் அந்த இரண்டாவது ஊருக்குள் ராஜாவாகத் திரும்பியிருக்கலாம், அதற்கு வழி இருந்தது. அந்த வழியை அவர் வேண்டாம் என்றார். இரண்டாவது, அவர் வந்து ஆரம்பித்துவைத்த போராட்டம் அல்ல இது. 1940-களின் தொடக்கத்திலேயே பி. சீனிவாசராவ் போன்றவர்கள் சேரிகளில் தங்கிச் சங்கம் கட்டினார்கள். சவுக்கை எதிர்த்து நின்றவர்கள் கப்பலே ஏறாத பண்ணையாட்கள், நடவு நட்ட பெண்கள். அந்தப் போராட்டத்தின் விளைவாகத்தான் 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் வெளிச்சம் கொண்டுவருகிறார் என்று கதை கட்ட வேண்டாம். ஏற்கெனவே எரிகிற விளக்குக்கு எண்ணெய் ஊற்றினால் போதும்.

'படித்துவிட்டுத் திரும்பினால் மரியாதை கிடைக்கும்' என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அண்ணல் அம்பேத்கரை விடவா படித்துவிட்டோம்? அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917-இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்தார். தங்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் சாதியை மறைத்துத் தங்கினார். பதினோராவது நாள் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். வெளிநாட்டில் இருந்த ஆண்டுகளில் தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பே மறந்துபோயிருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். மறந்துபோனதை ஊர் நினைவுபடுத்தியது. இரட்டைமலை சீனிவாசன் தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பினார். 1923-இல் சென்னை சட்டமன்றத்துக்குள் போனார். அடுத்த ஆண்டே, பொதுச்சாலை, பொதுக்கிணறு எல்லோருக்கும் பொது என்று தீர்மானம் கொண்டுவந்தார். இருவருமே பழைய இடத்துக்குள் போய் உட்கார மறுத்தவர்கள். பட்டத்தோடு நின்றிருந்தால் நாம் இன்றைக்கு அவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டோம்.

இன்றைக்கு வருவோம். சேரியிலிருந்து போன ஒரு தம்பி சிங்கப்பூரில் பத்து வருடம் கட்டட வேலை செய்துவிட்டு வருகிறான். மாடி வீடு கட்டுகிறான், புல்லட் வாங்குகிறான். அந்த வண்டியில் குடியானத் தெரு வழியாகப் போனால் சில கண்கள் பின்தொடர்கின்றன. 'வெளிநாட்டுக் காசு ஆட்டம் போடுது' என்கிறார்கள். நீங்கள் சட்டத்தைப் படிக்கிறவர்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தை எடுத்துப் பாருங்கள். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பது குற்றம். பொது இடத்தில் செருப்பு அணிவதை, புத்தாடை உடுத்துவதை, திருமண ஊர்வலம் போவதைத் தடுப்பது குற்றம். சுடுகாட்டைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதும் குற்றம். 1941-இல் கிள்ளானில் கேட்ட அதே சைக்கிள், எழுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து இந்திய நாடாளுமன்றத்துக்கு வந்திருக்கிறது. தடுக்கிறவர்கள் இன்னும் இருப்பதால்தானே வந்தது?

காசோடு வருகிறவர் கதை இது. கடனோடு வருகிறவரும் உண்டு. ஏஜெண்டுக்குக் கட்ட நகையை வைத்து, வட்டிக்கு வாங்கி, போன இடத்தில் சொன்ன வேலை இல்லாமல், ஆறு மாதத்தில் திரும்பி வருகிறவர். அவர் மறுபடி யாரிடம் போய் நிற்பார்? தாத்தா எந்த வாசலில் நின்றாரோ, பல நேரம் அதே வாசலில்தான். வீட்டு வேலைக்கு வளைகுடா போய்ச் சம்பளம் வாங்காமல் திரும்புகிற பெண்ணுக்கு இதோடு ஊர்ப்பேச்சும் சேரும். அயலகத் தமிழர் நல வாரியம் இருக்கிறது, போகிறவர்கள் அதில் பதிந்துகொள்ள வேண்டும். ஏஜெண்ட் அரசிடம் பதிவு பெற்றவரா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் சேரியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிற வேலை உங்களுடையது.

அடுத்து, ஆதிக்கச் சாதி வீடுகளிலிருந்து வந்திருக்கிற தோழர்களிடம் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச வேண்டும். உங்கள் அண்ணன் சிங்கப்பூரில் தொழிலாளர் விடுதியில் இரண்டடுக்குக் கட்டிலில் படுக்கிறார். மேல்கட்டிலில் யார் என்று சாதி பார்க்க முடியாது. ஒரே கேட்டரிங் பொட்டலம்தான் எல்லோருக்கும். அங்கே அவரும் இறங்கி நிற்கிறவர்தான், அவரையும் ஒதுக்குகிறார்கள். ஆனால் அவர் அனுப்புகிற பணம் எங்கே போகிறது? சாதிச் சங்கக் கட்டடத்துக்குப் போகிறது. சேரித் தெருவுக்குள் வராத தேருக்கு வடம் வாங்கப் போகிறது. நன்கொடையாளர் பட்டியல் கல்வெட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'சிங்கப்பூர்' என்று போடுகிறார்கள். அங்கே இறங்கி நின்ற அவமானத்தை இங்கே இன்னொருவனை இறங்கி நிற்க வைத்துத் தீர்த்துக்கொள்கிறாரா? அந்தக் கேள்வியை அவரிடம் நீங்கள்தான் கேட்க முடியும், நான் கேட்டால் சண்டையாகிவிடும்.

பணம் அனுப்புகிறவர் பேச்சுக்கு ஊரில் மதிப்பு இருக்கிறது. அந்த மதிப்பை ஒரு தடவை பயன்படுத்தச் சொல்லுங்கள். 'தேர் எல்லாத் தெருவுக்கும் போகும் என்றால் தருகிறேன், இல்லையென்றால் ஒரு காசு கிடையாது' என்று சொல்லட்டும். 'சேரிக்காரர்கள் பிணம் வயல் வரப்பில் போகக்கூடாது, சுடுகாட்டுப் பாதை போட என் நிலத்தில் நாலடி எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லட்டும். மாநாட்டு மேடையில் நூறு முறை கைதட்டுவதை விட அது பெரிய காரியம்.

சேரியிலிருந்து போய்த் திரும்புகிற தோழர்களுக்கும் ஒன்று. வீடு கட்டுங்கள், வண்டி வாங்குங்கள். அது ஆட்டம் அல்ல, உரிமை. முடிந்தவர்கள் நிலம் வாங்குங்கள், அதைப் பெண்கள் பெயரிலும் எழுதுங்கள். ஆனால் மதில் சுவரை உயர்த்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடாதீர்கள். 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்ட 44 பேரும் கூலி உயர்வு கேட்ட மக்கள். எங்கும் போகாமல், இங்கேயே நின்று கேட்டவர்கள். உங்கள் மாடி வீடு இன்றைக்கு நிமிர்ந்து நிற்பதற்குப் பின்னால் அவர்கள் இருக்கிறார்கள். இரவுப் பாடசாலைக்கு இடம் கொடுங்கள், வழக்கு நடத்துகிறவருக்குப் பேருந்துக் கட்டணம் கொடுங்கள், சங்கக் கூட்டத்துக்கு வந்து உட்காருங்கள்.

பொங்கலுக்கு விமானங்கள் நிரம்பி வரும். திருச்சி விமான நிலையத்தில் மாலையோடு நிற்பீர்கள். வருகிறவரிடம் என்ன வாங்கி வந்தாய் என்று எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் வேறொன்று கேளுங்கள்: நீ திரும்பி வந்திருக்கிற ஊரில் யாரெல்லாம் இருக்கிறார்கள்? எல்லோரும் இருக்கிறார்கள் என்று சொல்ல முடியாதவரை, அந்த ஊருக்கு இன்னும் யாரும் திரும்பவில்லை என்றுதான் பொருள்.

ஜெய்பீம்!