பக்கத்துக்குப் பின்னால் ஒரு பக்கம்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற வங்கி எழுத்தரான நம் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. வர இயலாத உறுப்பினர்களுக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



"ரிட்டயர் ஆன பிறகு நீங்க கம்ப்யூட்டரில் என்னதான் செய்யுதீங்க? அதைச் சொல்லுங்க" என்று செயலாளர் கேட்டார். அதற்கு அரைமணி நேரமும் கொடுத்திருக்கிறார். இன்று நம் சங்கத்தின் இணையப் பக்கத்தைப் புதுப்பிப்பதா, அல்லது வாட்ஸ்அப் குழுவே போதும் என்று விட்டுவிடுவதா என்ற தீர்மானமும் வரப்போகிறது. ஆகவே என் பொழுதுபோக்கைச் சொல்லி, அதன் வழியாக அந்த இடத்துக்கு வருகிறேன்.

நான் படித்தது பி.காம். பார்த்தது வங்கி எழுத்தர் வேலை. கையால் லெட்ஜர் எழுதிய காலத்தில் சேர்ந்தேன். பிறகு ஏ.எல்.பி.எம். என்ற லெட்ஜர் இயந்திரம் வந்தது, அதன் பிறகு கோர் பேங்கிங் வந்தது. மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். ஓய்வுக்குப் பிறகு பிடித்துக்கொண்டது வெப்சைட் வடிவமைப்பு. தொழிலாக இல்லை, ஆசைக்குத்தான். காலையில் நடை, காப்பி, பேப்பர் முடிந்ததும் இரண்டு மணி நேரம் மேசையில் உட்காருவேன். மழைநாள் என்றால் மத்தியானம் வரை போகும். "முப்பது வருசம் லெட்ஜர் பாத்தது போதாதா? இப்ப வீட்லயும் வரி வரியா எண்ணிட்டு இருக்கியளாக்கும்" என்பார் வீட்டுக்காரி. அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. இரண்டும் ஒரே குணமுள்ள வேலைதான்.

எப்படி என்று சொல்கிறேன். கம்ப்யூட்டரில் எந்த வெப்சைட்டையாவது திறந்து, கன்ட்ரோல் விசையோடு யு எழுத்தை அழுத்துங்கள். அந்தப் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் எழுத்து முழுவதும் தெரியும். அதுதான் எச்.டி.எம்.எல். இங்கே தலைப்பு தொடங்குகிறது, இங்கே முடிகிறது. இங்கே பத்தி தொடங்குகிறது, இங்கே முடிகிறது என்று குறி போட்டிருப்பார்கள். பெரும்பாலும் திறந்த குறி ஒவ்வொன்றுக்கும் மூடும் குறி இருக்கவேண்டும். ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு என்று படித்தவனுக்கு இது புதிய பாடமில்லை. ஒரு குறி விட்டுப்போனால் பக்கம் கோணிக்கொண்டு நிற்கும். நாள்முடிவுக் கணக்கில் வித்தியாசத்தைத் தேடுவதுபோல் உட்கார்ந்து தேடவேண்டும். நிறம், எழுத்தின் அளவு, இடைவெளி இவற்றையெல்லாம் சி.எஸ்.எஸ். என்ற இன்னொரு ஏடு கவனித்துக்கொள்ளும். இதை எழுத நோட்பேட் போதும், விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை.

அடுத்தவன் செய்த வேலையைத் திறந்து பார்த்துக் கற்றுக்கொள்ளும் வசதி எந்தத் தொழிலில் இருக்கிறது? வெப்சைட்டில் இருக்கிறது. டிம் பெர்னர்ஸ் லீ 1991-இல் முதல் வெப்சைட்டை வெளியிட்டார். அவர் வேலை பார்த்த செர்ன் ஆய்வுக்கூடம் 1993 ஏப்ரல் 30 அன்று இந்தத் தொழில்நுட்பத்தை யாரும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அந்த ஒரு முடிவால்தான் நம்மைப் போன்றவர்களும் இதில் கை வைக்க முடிகிறது.

இனி நான் கண்டுபிடித்தவற்றைச் சொல்கிறேன். உலகத்துக்குப் புதியவை அல்ல, எனக்குப் புதியவை.

முதலாவது, நம் தமிழ் எழுத்து திரையில் ஏறிய கதை. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி என்ற எழுத்தாளர் இருந்தார். 1995-இலேயே தமிழைப் பிற மொழிகளோடு வெப்பில் ஏற்றியவர் அவர். 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். உலகெங்கும் உள்ள தமிழர்கள் சம்பளம் வாங்காமல் நம் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து அதில் ஏற்றினார்கள்.

ஆனால் அப்போது ஒரு பெரிய தொல்லை இருந்தது. ஆங்கில எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடத்தில் தமிழ் எழுத்துகளை உட்காரவைத்திருந்தார்கள். ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு வரிசையில். அவர்கள் எழுதிய எழுத்துரு உங்கள் கம்ப்யூட்டரில் இல்லையென்றால், திருக்குறள் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் கலந்த குப்பைதான் தெரியும். ஒரே வங்கியின் ஒவ்வொரு கிளையும் தனித்தனிக் கணக்குக் குறியீடு வைத்துக்கொண்டதுபோல் என்று வையுங்கள்.

இங்கேதான் அதிராம்பட்டினம் உமர் தம்பியைச் சொல்லவேண்டும். 1953-இல் பிறந்தவர். மின்னணுச் சாதனங்களில் ஆர்வம் உள்ளவர். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். 'தேனீ' என்று யுனிகோடு எழுத்துரு ஒன்றைச் செய்தார். பக்கத்தைத் திறக்கும்போதே எழுத்துருவும் கூடவே வந்து இறங்கும்படி அமைத்தார். படிப்பவர் எதையும் நிறுவ வேண்டாம், திறந்தால் தமிழ் தெரியும். பழைய எழுத்துருவில் இருப்பதை யுனிகோடுக்கு மாற்றும் கருவியும், தமிழில் தட்டச்சு செய்யும் கருவியும் செய்து எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்தார். 2006 ஜூலையில் மறைந்தார். இன்று எந்த வெப்சைட்டிலும் எழுத்துரு தானாக வந்து இறங்குவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். அதைத் தமிழுக்காக ஒரு சிற்றூரில் உட்கார்ந்து செய்து காட்டிய மனிதர் அவர். எந்தப் பெரிய நிறுவனமும் அவர் பின்னால் இல்லை. ஆசைக்கு வெப்சைட் செய்பவர்களை வேலையற்றவர்கள் என்று யாராவது சொன்னால் நான் இவர் பெயரைத்தான் சொல்வேன்.

யுனிகோடில் தமிழுக்கென்று 128 இடங்கள் கொண்ட தனிக் கட்டம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. உலகம் முழுவதும் ஒரே கட்டம். தமிழ்நாடு அரசும் 2010-இல் யுனிகோடை ஏற்றுக்கொண்டது. இதனால் வந்த பெரிய லாபம், தமிழில் தேட முடிகிறது என்பதுதான்.

இரண்டாவது கண்டுபிடிப்பு நம் ஊரைப் பற்றியது. நம் மாவட்டத்தின் பழைய விவரங்களை இணையத்தில் தேடினால் கிடைப்பதில்லை என்று பலர் சொல்வார்கள். கன்னியாகுமரி மாவட்டம் என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்? நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததே 1956 நவம்பர் 1-இல்தானே. அதற்கு முன்னால் உள்ளவையெல்லாம் திருவிதாங்கூர் என்ற பெயரில் இருக்கின்றன. ஆங்கிலத்தில் திருவாங்கூர், நாஞ்சிநாடு, கோட்டாறு, கேப் காமரின் என்று அந்தக் காலத்து எழுத்துக்கூட்டலில் தேடிப்பாருங்கள். இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இலவச நூலகத்தில் 1906-இல் நாகமையா எழுதிய திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவல் மூன்று தொகுதிகளும் இருக்கின்றன. கல்வெட்டுகளைத் தொகுத்த திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையும் இருக்கிறது. நாம் குடிக்கும் தண்ணீர், நம் வயலில் பாயும் தண்ணீர், பேச்சிப்பாறை அணை, நாஞ்சில்நாட்டுக் குளங்கள் பற்றியெல்லாம் வீட்டில் இருந்தே தேடிப் படிக்கலாம்.

இன்னொரு சின்ன உபாயம். நம் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். அதோடு 825-ஐக் கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு வரும். ஆவணியில் தொடங்கி டிசம்பர் வரை உள்ள மாதங்களுக்கு 824 கூட்டவேண்டும். இதை உறுப்பினர்களுக்காக ஒரு சிறு பக்கமாகச் செய்து வைத்திருக்கிறேன். ஆண்டையும் மாதத்தையும் கொடுத்தால் விடை சொல்லும். நான் செய்த பக்கங்களிலேயே அதிகம் பேர் பயன்படுத்தியது அதுதான். அழகில் அதுதான் கடைசி.

மூன்றாவது கண்டுபிடிப்பு கொஞ்சம் வருத்தமானது. வெப்சைட்டுகள் சாகும். ஜியோசிட்டீஸ் என்று ஒன்று இருந்தது. 1994-இல் தொடங்கி, லட்சக்கணக்கானவர்கள் இலவசமாக இடம் எடுத்துத் தங்கள் பக்கங்களை அங்கே வைத்திருந்தார்கள். தமிழர்களும் வைத்திருந்தார்கள். 1999-இல் யாஹூ அதை வாங்கியது. 2009 அக்டோபரில் மூடிவிட்டது. தன்னார்வலர்கள் ஓடிப்போய்ப் பிரதி எடுத்த வரைக்கும்தான் மிச்சம். பழைய பக்கங்களின் பிரதிகளைப் பார்க்க அதே இன்டர்நெட் ஆர்கைவில் வேபேக் மெஷின் இருக்கிறது. முகவரியைக் கொடுத்தால் எந்தத் தேதியில் எப்படி இருந்தது என்று காட்டும். நாமே ஒரு பக்கத்தைக் கொடுத்துச் சேமிக்கவும் சொல்லலாம்.

இலங்கைத் தமிழர்கள் இந்தப் பாடத்தை வேறு விதமாகப் படித்தவர்கள். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. 2005 முதல் நூலகம் என்ற பெயரிலேயே ஓர் இணையத்தளம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பிரதி எடுத்துக் காத்து வருகிறது. பெரிய நூல்கள் மட்டுமல்ல, ஊர்ச் சங்க மலர்களும் பள்ளி மலர்களும் அதில் இருக்கின்றன. சங்க மலரை யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்திருந்தால் அவை போயிருக்கும்.

நான்காவது விஷயம் பழைய தொழிலோடு சேர்ந்தது. கையெழுத்து ஒத்துப்பார்த்துப் பழகிய கண் எனக்கு. இப்போது வெப்சைட் முகவரியை ஒத்துப்பார்க்கிறது. வங்கியின் பக்கத்தைப் போலவே ஒரு பக்கம் செய்வது மிகச் சுலபம். சற்றுமுன் சொன்னேனே, கன்ட்ரோல், யு. அதே வழியில் சின்னம், நிறம், எழுத்து எல்லாவற்றையும் நகல் எடுத்துவிடலாம். ஆகவே பக்கம் அசலைப்போல் இருக்கிறது என்பதை வைத்து நம்பாதீர்கள். பூட்டுச் சின்னம் இருக்கிறது என்றும் நம்பாதீர்கள். போகும் வழியில் யாரும் படிக்க முடியாது என்றுதான் அந்தப் பூட்டுக்கு அர்த்தம். போய்ச் சேரும் இடம் யோக்கியமானது என்று அது சொல்வதில்லை.

முகவரியைத்தான் பார்க்கவேண்டும். அதிலும் தலையைப் பார்க்காமல் வாலைப் பாருங்கள். முதல் தனிச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக என்ன இருக்கிறதோ அதுதான் உரிமையாளர். வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் பேங்க்.இன் என்று முடியும் முகவரிக்கு மாறவேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கிகளைத் தவிர வேறு யாருக்கும் அந்த வால் கிடைக்காது. முகவரியின் நடுவில் பேங்க்.இன் இருந்து, அதன்பின் புள்ளி வைத்து வேறு ஏதோ பெயரும் காமும் வந்தால் அது வங்கியே இல்லை. மின்கட்டணம் பாக்கி, இன்றிரவு இணைப்பைத் துண்டிப்போம் என்று செய்தி வந்தால், அதில் உள்ள இணைப்பை அழுத்தாமல் வழக்கமாகக் கட்டும் இடத்தில் பாருங்கள். கல்யாணக் கடிதம் என்று ஏ.பி.கே. கோப்பு வந்தால் திறக்காதீர்கள். கல்யாணக் கடிதத்தை யாரும் போனில் நிறுவ வேண்டியதில்லை. பணம் போய்விட்டால் கூச்சப்படாமல் உடனே 1930-ஐ அழையுங்கள். பிந்தினால் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

இனி நம் சங்கப் பக்கத்துக்கு வருகிறேன். வாட்ஸ்அப் போதும் என்பவர்களுக்கு மரியாதையுடன் ஒன்று சொல்கிறேன். இன்று தண்ணீர் வராது என்று சொல்ல வாட்ஸ்அப் போதும். மூன்று வருடம் முன்னால் கழிவுநீர்க் கால்வாய்க்காக நாம் கொடுத்த மனுவையும், அதற்கு வந்த பதிலையும் எடுக்க அது போதாது. காலை வணக்கத்துக்கும் பூப்படத்துக்கும் அடியில் அது போய்விடும். போன் மாற்றினால் அதுவும் இல்லை. சங்கத்துக்கு நினைவு வேண்டும். கூட்டக் குறிப்பேடு எதற்காக வைத்திருக்கிறோமோ அதற்காகவே பக்கமும் வேண்டும்.

என் யோசனைகள் நான்குதான்.

1. அறிவிப்புகளைப் படமாகப் போடாமல் எழுத்தாகப் போடவேண்டும். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடி எடுப்பது கஷ்டம். கண் தெரியாதவர்களின் போன் எழுத்தைத் தமிழில் வாசித்துக் காட்டும். படத்தை அப்படி நம்ப முடியாது. நம் குடியிருப்பில் பார்வை மங்கியவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

2. எழுத்து பெரிதாக, வரிக்கு வரி இடைவெளி தாராளமாக இருக்கவேண்டும். தமிழுக்கு மேலும் கீழும் சுழி உண்டு, நெருக்கினால் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து பார்க்க நாகரிகமாக இருக்கும், படிக்க முடியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்கவேண்டும் என்று உலக அளவில் விதியே இருக்கிறது.

3. தளத்தின் பெயர் சங்கத்தின் பெயரில் பதிவாகவேண்டும், தனிநபர் பெயரில் வேண்டாம். கடவுச்சொல் இரண்டு பொறுப்பாளர்களிடமாவது இருக்கவேண்டும். வங்கியில் பெட்டகத்துக்கு இரண்டு சாவி வைத்திருப்பது ஒருவரை நம்பாததால் அல்ல, ஒருவர் ஊரில் இல்லாத நாளும் வரும் என்பதால்தான். புதுப்பிக்கும் தேதியைப் பொருளாளரின் ஆண்டுக் கணக்கில் சேர்த்துவிடலாம்.

4. ஒவ்வொரு காலாண்டு இதழும் வெளிவந்ததும் ஒரு பிரதி பென் டிரைவில், ஒன்று அச்சில், ஒன்று இன்டர்நெட் ஆர்கைவில் என்று மூன்று இடத்தில் இருக்கட்டும்.

பக்கத்தைக் கட்டும் வேலையை நான் செய்கிறேன், அதற்குச் சங்கம் காசு தர வேண்டாம். ஆனால் என்னோடு இரண்டு இளையவர்கள் உட்காரவேண்டும் என்று நிபந்தனை வைக்கிறேன். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் யாராவது வரட்டும். ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். லேப்டாப் இருந்தால் கொண்டு வரலாம், இல்லாவிட்டால் என்னுடையது போதும். பழைய கல்யாண அழைப்பு, ஊர்வல நோட்டீஸ், குளம் தூர்வாரிய படம், கொல்லம் ஆண்டு போட்ட ரசீது எது வீட்டில் இருந்தாலும் கொண்டு வாருங்கள். படம் எடுத்துவிட்டு அங்கேயே திருப்பித் தந்துவிடுவோம்.

தீர்மானம் உங்கள் கையில்.