பழைய சிப்பாயின் வைத்தியம்



பாலாறும் பொன்னையாறும் பாயும் பழைய வட ஆர்க்காட்டுச் சீமையில், சீருடை அணிந்த ஒருவரின் படம் சுவரில் தொங்காத கிராமங்கள் குறைவு. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டை படைவீரர்களின் ஊர் என்றே பெயர் பெற்றது. அந்தச் சீமையின் வடபகுதியைப் பிரித்து 1911-ல் அமைத்த சித்தூர் மாவட்டம், 1953-ல் ஆந்திர ராஜ்யத்தோடு சேர்ந்தது. 1960-ல் திருத்தணி நம் பக்கம் வந்தது. 2022-ல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினாலும், நகரியிலும் சத்தியவேட்டிலும் குப்பத்திலும் தமிழ் பேசும் குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றுள் பல, படையிலிருந்து ஓய்வு பெற்றவர்களின் குடும்பங்கள். அவர்களுடைய பிள்ளைகளோ பிழைப்பைத் தேடிப் பல ராஜ்யங்களுக்குப் போய்விட்டார்கள். இந்தப் பேச்சைக் கேட்கிறவர்களிலும் அத்தகையோர் இருக்கலாம். ஊரிலிருக்கும் முதிய தகப்பனாருக்கு நோய் வந்தால் சர்க்கார் தரும் வைத்திய உதவி எப்படிப்பட்டது என்பதை அவர்களும் அறிந்திருப்பது நல்லது.

இராணுவத்தில் பணியாற்றும்போது வீரனுக்கு வைத்தியம் பற்றிய கவலை இல்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தக் கவலை தொடங்குகிறது. 2003-ஆம் ஆண்டுக்கு முன், ஓய்வு பெற்றவர் இராணுவ ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அங்கே இடமும் வசதியும் மிஞ்சியிருந்தால் சிகிச்சை கிடைக்கும். சித்தூர்க்காரருக்குப் பெரிய இராணுவ ஆஸ்பத்திரி என்றால் சென்னை அல்லது பெங்களூர். இரண்டும் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால். மார்வலியோடு ஒருவர் செய்யக்கூடிய பிரயாணம் அல்ல அது.

இந்தக் குறையைத் தீர்க்கவே 2003 ஏப்ரல் முதல் தேதியில் முன்னாள் படைவீரர் பங்களிப்புச் சுகாதாரத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஈ.சி.எச்.எஸ். என்று எல்லோரும் அழைப்பது அதைத்தான். மத்திய அரசு ஊழியர்களின் சுகாதாரத் திட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டது. ஓய்வூதியம் பெறும் வீரர், அவர் மனைவி, அவரைச் சார்ந்த பிள்ளைகள், பெற்றோர் ஆகியோர் இதில் சேரலாம். ஏழாவது சம்பளக் கமிஷனுக்குப் பின் திருத்திய விகிதப்படி, ஹவில்தார் வரையிலான வீரர் ஒரே முறை 30,000 ரூபாய் செலுத்தினால் போதும். அதிகாரிகளுக்கு அது 1,20,000 ரூபாய். 1996-க்கு முன் ஓய்வு பெற்றவர்களும், போரில் கணவரை இழந்த பெண்களும் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. முதல் உதவிக்குப் பாலிகிளினிக் என்னும் வைத்திய நிலையம். அதற்கு மேற்பட்ட சிகிச்சைக்கு அங்கிருந்து சீட்டு பெற்று, திட்டத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே கையிலிருந்து பணம் கட்ட வேண்டாம். ஆஸ்பத்திரி தன் பில்லைச் சர்க்காருக்கு அனுப்பிப் பெற்றுக்கொள்ளும். நாடெங்கும் நானூறுக்கு மேற்பட்ட பாலிகிளினிக்குகளும், ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட பயனாளிகளும் உள்ள பெரிய ஏற்பாடு இது.

இதை எப்படி மதிப்பிடுவது? எத்தனை அட்டைகள் வழங்கினோம், எத்தனை கோடி ஒதுக்கினோம் என்று கணக்குக் காட்டுவது எளிது. 2024-25-ல் 6,968 கோடி ரூபாயும், 2025-26-ல் 8,317 கோடி ரூபாயும் இதற்கு ஒதுக்கப்பட்டன. தொகை வளர்வது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் பணத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் ஏமாந்து போவோம். அமெரிக்காவில் பழைய வீரர்களுக்கென்று சர்க்காரே தனி ஆஸ்பத்திரிகளை நடத்துகிறது. அவற்றுள் பீனிக்ஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகள் மாதக்கணக்கில் காத்திருந்ததை மறைத்து, காத்திருப்புக் குறைவு என்று தாளில் காட்டியது 2014-ல் வெளிப்பட்டது. அத்துறையின் தலைவர் பதவி விலகினார். வெளி ஆஸ்பத்திரிகளிலும் சிகிச்சை பெற வகைசெய்யும் சட்டம் அதே ஆண்டு பிறந்தது. ஏட்டில் உள்ள எண்ணும் நோயாளியின் அனுபவமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆகையால் நம் திட்டத்தை மூன்று எளிய கேள்விகளால் அளந்து பார்ப்போம்.

முதற் கேள்வி: தூரம் எவ்வளவு? குப்பத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் வசிக்கும் எழுபத்தைந்து வயது நாயக் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவர் சித்தூர் நகருக்கு வர ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். அங்கிருந்து திருப்பதிக்கு மேலும் எழுபது. இரத்தக் கொதிப்பு மாத்திரைக்காக ஒருநாள் முழுவதும் பஸ்ஸில் கழிப்பவர், நாளடைவில் பாதி மாத்திரையோடு நிறுத்திக்கொள்வார். திட்டம் அவரைக் கைவிடவில்லை, தூரம்தான் கைவிட்டது. மருந்தை மாதக்கணக்கில் சேர்த்துக் கொடுப்பதும், வைத்தியரின் நடமாடும் வண்டியும் இதற்கு மருந்து.

இரண்டாம் கேள்வி: போய்ச் சேர்ந்தால் மருந்து இருக்கிறதா? மத்திய தணிக்கைத் துறைத் தலைவர் 2015-ல் இத்திட்டத்தைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, மருந்துத் தட்டுப்பாட்டைக் குறையாக எடுத்துச் சொன்னது. இல்லாத மருந்தை வெளியே வாங்கிப் பின்னர் தொகையைக் கோர வழி உண்டு. ஆனால் முதலில் தன் பணத்தைப் போட வேண்டியவர் ஓய்வூதியக்காரர். பணம் உள்ளவருக்கு அது தாமதம், இல்லாதவருக்கு மறுப்பு.

மூன்றாம் கேள்வி: ஆஸ்பத்திரிகளுக்கு உரிய காலத்தில் பணம் போகிறதா? இது வெறும் கணக்கு விஷயம் என்று தோன்றும். உண்மையில் திட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பில்கள் தேங்கினால் ஆஸ்பத்திரி சில நாள் பொறுக்கும். பிறகு ஒப்பந்தத்திலிருந்து விலகும், அல்லது பணம் கட்டினால்தான் அனுமதி என்று சொல்லும். தில்லியில் ஒரு மேஜைமேல் நின்ற காகிதத்தின் விளைவை, இங்கே ஒரு முதியவர் ஆஸ்பத்திரி வாசலில் அனுபவிப்பார். மறுபுறம், வராத சிகிச்சைக்கும் மிகையான கட்டணத்துக்கும் பில் எழுதும் ஆஸ்பத்திரிகளும் உண்டு. அவற்றைச் சோதிக்காமல் பணம் கொடுப்பதும் தவறு. விரைவும் கண்டிப்பும் ஒன்றாக வேண்டும். அதுதான் நிர்வாகத் திறமை.

இவ்வளவு குறை சொன்னதால் திட்டம் வீண் என்று நான் கருதுவதாக நினைக்க வேண்டாம். இருதய அறுவைக்கும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் ஒரு ஹவில்தாரின் குடும்பம் நிலத்தை விற்க வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. 30,000 ரூபாய்க்கு ஆயுள் முழுவதும், மனைவிக்கும் சேர்த்து, இத்தகைய பாதுகாப்பை எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியும் தராது. பழைய நோய்க்கும் முதிர்ந்த வயதுக்கும் அங்கே தடைகள் உண்டு; இங்கே அப்படி இல்லை. திட்டத்தின் எண்ணம் உயர்ந்தது. அந்த எண்ணம் கடைசிக் கிராமம் வரை நடந்து போகிறதா என்பதே கேள்வி.

அதற்கு ஒரு சிறு யோசனை. ஒவ்வொரு பாலிகிளினிக்கின் வாசலிலும் ஒரு பலகை வேண்டும். இந்த மாதம் இல்லாத மருந்துகள் எவை, வைத்தியர் இல்லாத நாட்கள் எத்தனை, நிலுவையிலுள்ள பில்கள் எத்தனை மாதத்தவை என்று அதில் எழுத வேண்டும். சித்தூர்ப் பகுதியில் தெலுங்கிலும் தமிழிலும் எழுத வேண்டும். படைப்பிரிவில் தினமும் எண்ணிக்கை எடுத்துப் பழகிய மனிதர்களுக்கு இது புதிதல்ல.

வெளி ராஜ்யங்களில் வாழும் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது தகப்பனாரின் அட்டையை வாங்கிப் பாருங்கள். அதில் தாயாரின் பெயர் உள்ளதா, ஓய்வூதியக் காகிதத்தில் உள்ள எழுத்துக்களோடு அது ஒத்திருக்கிறதா என்று பார்த்துத் திருத்தி வையுங்கள். வீரர் காலமான பின் குடும்ப ஓய்வூதியம் பெறும் மனைவிக்கும் இந்த உரிமை உண்டு. ஆனால் எழுத்துப் பிழை ஒன்று அவரை வாசலில் நிறுத்திவிடும். அவசரத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் சேர்க்கலாம் என்பதையும், சேர்த்த 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் அட்டையோடு ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

எல்லையில் காவல் நின்றவர் அன்று முறையாக நின்றார். யாரும் அவரைக் காத்திருக்கச் சொல்லவில்லை, அவரும் நாட்டைக் காத்திருக்க வைக்கவில்லை. முதுமையில் அவர் ஒரு மாத்திரைக்காகக் காத்திருக்கும் நேரம் எவ்வளவோ, அதுவே நாம் அவருக்குக் காட்டும் நன்றியின் அளவு.