டிக்கெட் எடுத்தவர் யார்?
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ரயில்வேயில் பாஸ் எழுதும் குமாஸ்தா நான். ஒருவர் பயணம் போனால், காசு கட்டியவர் யார் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அமெரிக்காவில் ‘அய்பாக்’ என்று ஓர் அமைப்பு. இஸ்ரேலுக்கு ஆதரவு திரட்டுவது அதன் வேலை. இப்படிப்பட்ட அமைப்புகள் நாடாளுமன்ற உறுப்பினர்களைப் பல நாள் பயணம் அழைத்துப் போக 2007-இல் தடை வந்தது. ஆனால் அய்பாக்கைச் சார்ந்த கல்வி அறக்கட்டளைக்கு அந்தத் தடை இல்லை. 2011 ஆகஸ்டில், 435 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபையில் 81 பேர் அதன் செலவில் இஸ்ரேல் போனார்கள். ஐந்தில் ஒரு பங்கு!

இஸ்ரேலுக்கு ராணுவ உதவி என்றால் கை தூக்க வேண்டியவர்களும் இவர்களே. 2016 ஒப்பந்தப்படி அது 10 ஆண்டுக்கு 3,800 கோடி டாலர்.

இதில் ஒளிவுமறைவு இல்லை என்பார்கள். திரும்பிய 15 நாளில் உறுப்பினர் செலவுக் கணக்குத் தர வேண்டும். அறக்கட்டளையின் வரவு செலவையும் எவரும் பார்க்கலாம். நன்கொடை தந்தவர் பெயரை மட்டும் வெளியிட வேண்டியதில்லை. முடிச்சு அங்கேதான்!

யூத மக்கள் மேல் பழி போடவில்லை. அய்பாக்கை எதிர்க்கும் யூதர்களும் உண்டு. யார் அமைப்பானாலும் கேள்வி ஒன்றே. நம் சங்கத்துக்கும் அதேதான். நாளை ஒரு முதலாளி நம் நிர்வாகிகளுக்கு டிக்கெட் எடுத்துத் தந்தால், அவர் பெயரைப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்!