கையெழுத்துக்கு முன் அந்த வரைபடத்தைப் பார்ப்போம்
(கடைப்பகுதி வாடகை குறித்த சிறப்புப் பொதுக்குழுவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் நோட்டீஸ் போர்டில் செயலாளர் ஒரு தாள் ஒட்டியிருந்தார். ரோட்டைப் பார்த்த நம் கடைப்பகுதி 4,200 சதுர அடியையும் ஒரு ஸ்கேன் சென்டர் மொத்தமாக வாடகைக்குக் கேட்கிறது. எம்.ஆர்.ஐ., சி.டி., எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் எல்லாம் வருமாம். வாடகை வந்தால் இரண்டு லிப்ட்டையும் மாற்றிவிடலாம் என்று பொருளாளர் கணக்குச் சொல்கிறார். அதே நாள் ராத்திரி நம் வாட்ஸ்அப் குழுவில் நூறு மெசேஜ். முக்கால்வாசி கதிர்வீச்சைப் பற்றி. "எம்.ஆர்.ஐ. வந்தால் குழந்தைகளுக்கு ஆபத்து" என்று ஒருவர். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது, எல்லா ஊரிலும் இருக்கிறதே" என்று இன்னொருவர்.

மருத்துவமனைக் கட்டடங்களுக்கு வரைபடம் போடுவதுதான் முப்பது வருஷம் என் வேலை என்பதால் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார். வேண்டும், வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அவர்கள் கொடுத்த ஒரு பக்க ஸ்கெட்சை டேப்பும் கையுமாக அந்த இடத்திலேயே வைத்துப் பார்த்தேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கதிர்வீச்சு. எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கிடையாது. அது காந்தமும் ரேடியோ அலையும் மட்டும். எக்ஸ்ரே இருப்பது சி.டி.யிலும் சாதாரண எக்ஸ்ரே மெஷினிலும். அதுவும் பட்டனை அழுத்தும் நேரத்தில் மட்டும்தான். விளக்கை அணைத்ததும் வெளிச்சம் நின்றுவிடுவது போல, மெஷின் நின்றால் கதிரும் நின்றுவிடும். அறைக்குள் எதுவும் தங்காது. இதைத் தடுப்பது கஷ்டமான வேலையில்லை. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், ஈயத் தகடு பதித்த கதவு, ஈயக் கண்ணாடி ஜன்னல், இவற்றை ஒழுங்காகக் கட்டினால் போதும். மும்பையில் இருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளின்படி அறை அமைய வேண்டும். உரிமமும் அவர்கள்தான் தருகிறார்கள். பொதுமக்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் வரம்பு வருஷத்துக்கு 1 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக நமக்கு வருவது உலக சராசரியில் 2.4.

ஆனால் நம் கடைகளுக்கு நடுவே இருப்பதெல்லாம் நாலரை அங்குலச் சுவர். சி.டி. அறைக்கு அது போதாது, இடித்துக் கட்ட வேண்டும். இன்னொன்றும் உண்டு. கட்டும்போது எல்லாம் சரியாக இருக்கும். ஆறு மாதம் கழித்து ஏ.சி. மாட்டுபவர் ட்ரில் மெஷினோடு வந்து மூன்று அங்குல ஓட்டை போடுவார், அவ்வளவுதான். அதனால் அந்த அறை வரைபடத்தின் நகல் ஒன்று நம் ஆபீசில் இருக்கட்டும், அந்த அறைச் சுவரில் எந்த ஓட்டையும் நம்மைக் கேட்காமல் போடக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வோம். சி.டி.யைப் பொறுத்தவரை என் கவலை அவ்வளவுதான்.

வாட்ஸ்அப்பில் யாருமே கேட்காதது காந்தத்தைப் பற்றி. நேரம் அதற்குத்தான் வேண்டும்.

அவர்கள் சொல்லியிருப்பது 1.5 டெஸ்லா மெஷின். பூமியின் காந்தப்புலத்தைப் போல முப்பதாயிரம் மடங்குக்கு மேல். முக்கியமான விஷயம், இந்தக் காந்தத்துக்கு ஆஃப் கிடையாது. சென்டர் பூட்டியிருந்தாலும், ஞாயிற்றுக்கிழமையும், கரண்ட் போனாலும் அது காந்தம்தான். உள்ளே இருக்கும் கம்பிச்சுருளை மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியத்தில் வைத்திருப்பார்கள். அந்தக் குளிரில் மின்சாரம் தடையே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

காந்தத்தின் வீச்சு அறைச் சுவரோடு நிற்காது. செங்கல்லும் காங்கிரீட்டும் அதற்கு ஒன்றுமே இல்லை. அறையைச் சுற்றிச் செம்புத் தகட்டில் ஒரு கூண்டு கட்டுவார்கள், ஆனால் அது காந்தத்தைத் தடுக்க அல்ல. வெளியிலிருக்கும் ரேடியோ அலைகள் உள்ளே வந்து படத்தைக் கெடுக்காமல் இருக்க. நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் படத்தில் கோடு கோடாக விழுந்தது. கம்பெனி ஆட்கள் நாள் கணக்கில் மெஷினை அக்கக்காகப் பிரித்துப் பார்த்தார்கள். கடைசியில் குற்றவாளி, அறைக்குள் கண்ணடித்துக்கொண்டிருந்த ஒரு பல்பு!

வீச்சு எதுவரை போகிறது என்பதை வரைபடத்தில் கோடாகப் போடுவார்கள். 5 காஸ் கோடு என்று பெயர். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்தக் கோட்டுக்குள் வரக்கூடாது என்பது நெடுநாள் வழக்கம். இப்போதைய 1.5 டெஸ்லா மெஷின்களில் காந்தத்தின் நடுவிலிருந்து முன்னும் பின்னும் சுமார் 4 மீட்டர், பக்கவாட்டில் சுமார் 2.5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். பக்கவாட்டில் என்றால் இடது, வலது மட்டுமில்லை. மேலேயும் கீழேயும் அதே 2.5 மீட்டர்தான். தரை வரைபடத்தை மட்டும் பார்க்கிறவர்கள் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள்.

இப்போது நம் கட்டடத்துக்கு வருவோம். ஸ்கெட்சில் காந்தத்தை இடது பாதியில், படிக்கட்டுப் பக்கம் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பாதிக்கு மேலே 101, 102. கீழே நம் பேஸ்மென்ட் பார்க்கிங்.

காந்தத்தின் நடு தரையிலிருந்து சுமார் 1 மீட்டர் உயரத்தில் இருக்கும். மேலே 2.5 மீட்டர் சேர்த்தால் 3.5. நம் கடையின் உயரம், கூரைத் தளத்தையும் சேர்த்து, 3.45. அதாவது அந்தக் கோடு 101-ன் படுக்கையறைத் தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. அங்கே பாய் போட்டுப் படுப்பவர்கள் இருக்கிறார்கள். கீழே கணக்குப் பார்த்தால் இன்னும் மோசம். தளத்தின் கனம் 20 சென்டிமீட்டர், அதைத் தாண்டி இன்னும் 1.3 மீட்டர் பேஸ்மென்டுக்குள் இறங்குகிறது. அங்கே உயரம் 2.7 மீட்டர். ஆக கோடு விழுவது பேஸ்மென்ட் தரையிலிருந்து 1.4 மீட்டரில். கார் கதவைத் திறக்க நிற்கும் ஒருவருக்கு அது நெஞ்சு உயரம்.

நம்மில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். அவர்களில் ஒருவர் காரை விடுவது சரியாக அந்த இடத்தில்.

இது அவர்களுக்கும் நஷ்டம். காந்தத்துக்குப் பக்கத்தில் பெரிய இரும்பு எதுவும் நகரக்கூடாது, படம் கெடும். லிப்ட்டுக்கு இவ்வளவு தூரம், காருக்கு இவ்வளவு, லாரிக்கு இவ்வளவு என்று மெஷின் கம்பெனியே கையேட்டில் தனித்தனியாகக் கொடுக்கும். இங்கே காந்தத்துக்கு நேர் கீழே நாள் முழுக்கக் கார் ஓடப்போகிறது. சுவரை ஒட்டி நம் தண்ணீர் லாரி தினமும் ரிவர்ஸ் எடுக்கிறது. வாடகைக்குக் கேட்பவர்கள் இதைப் பார்த்தார்களா என்றே சந்தேகம்.

எடையும் இருக்கிறது. காந்தம் மட்டும் நாலைந்து டன், சில அடி இடத்தில் உட்காரும். கடைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 400 கிலோ என்ற கணக்கில்தான் வடிவமைப்பார்கள். அதை ஈடுகட்டப் பேஸ்மென்டில் கூடுதல் தூணும் பீமும் போட வேண்டியிருக்கும். யாருடைய பார்க்கிங்கில்?

இதற்கு வழி இருக்கிறது. கடைப்பகுதியின் வலது பாதிக்குக் கீழே பேஸ்மென்ட் இல்லை, மண்மேல் உட்கார்ந்திருக்கிறது. மேலே பிளாட்டும் இல்லை, முதல் மாடி திறந்தவெளிதான். காந்தத்தை அங்கே கொண்டுபோய், வரவேற்பறையையும் அல்ட்ராசவுண்டையும் இடது பக்கம் மாற்றினால் நான் இதுவரை சொன்னதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். லாரி நிற்கும் இடத்தை நாம் மாற்றிக்கொள்ளலாம். சென்டர் வாசல் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிப் போகும், அது அவர்களுக்குப் பிடிக்காது. பிடிக்காவிட்டாலும் நாம் விட்டுக்கொடுக்கக் கூடாத இடம் இது என்பது என் அபிப்பிராயம்.

வலது பக்கம் போனால் ஒரு புதுச் சிக்கல் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஏதாவது கோளாறில் காந்தம் தன் குளிரை இழந்தால் ஹீலியம் மொத்தமும் சட்டென்று ஆவியாகும். இதைக் குவென்ச் என்பார்கள். 1 லிட்டர் திரவம் சுமார் 700 லிட்டர் வாயு ஆகும். பழைய மாடல்களில் 1,500 லிட்டர் வரைகூட இருக்கும். அது பத்துக்குப் பத்து அறையை முப்பது தடவைக்கு மேல் நிரப்பும். ஹீலியம் விஷமில்லை. ஆனால் மூடிய அறையில் காற்றை வெளியே தள்ளிவிடும், மூச்சுவிட ஆக்ஸிஜன் இருக்காது. குளிரோ தோலைப் பொசுக்கும். இதை வெளியேற்ற மெஷினிலிருந்து ஒரு பெரிய குழாய் கட்டடத்துக்கு வெளியே போகும். அதன் வாய், ஆள் நடமாட்டமோ ஜன்னலோ ஏ.சி. காற்று இழுக்கும் இடமோ இல்லாத பக்கம் திறக்க வேண்டும். மழைத் தண்ணீரும் உள்ளே போகக்கூடாது, புறா கூடு கட்டவும் கூடாது. ஸ்கெட்சில் அந்தக் குழாயே இல்லை. வலது பக்கம் போட்டால் சுலபமாக மேலே விட்டுவிடுவார்கள். மேலே இருப்பது நம் பிள்ளைகள் சாயங்காலம் ஷட்டில் ஆடும் மொட்டைத்தளம். அதனால் குழாய் அங்கே முடியக்கூடாது, மேல் மாடி வரை ஏற்றிவிட வேண்டும், செலவு அவர்களுடையது.

இப்போது சில லிட்டர் ஹீலியத்தை அடைத்தே வைக்கும் மெஷின்கள் வந்துவிட்டன. அதற்கு இந்தக் குழாயே தேவையில்லை. ஆனால் பழைய மெஷினைப் புதுப்பித்துக் கொண்டுவருவது இந்தத் தொழிலில் சகஜம். எந்த மாடல் என்று அவர்கள் எழுதித் தரவில்லை. நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

அடுத்தது பின்பக்கக் கதவு. 2001-இல் நியூயார்க் அருகே ஒரு மருத்துவமனையில், ஸ்கேனுக்காக உள்ளே படுத்திருந்த 6 வயதுப் பையனுக்கு உதவ யாரோ ஆக்ஸிஜன் சிலிண்டரை எடுத்துவந்தார்கள். காந்தம் அதை இழுத்துக்கொண்டது, பையன் இறந்துவிட்டான். 2018 ஜனவரியில் மும்பையில் நோயாளியோடு வந்த ஒரு இளைஞர் சிலிண்டரோடு உள்ளே போய் உயிரை விட்டார். அமெரிக்காவில் முதல் விபத்துக்குப் பிறகு கதிரியக்க மருத்துவர்களின் கல்லூரி, இடத்தை நான்கு வட்டங்களாகப் பிரிக்கச் சொன்னது. தெருவிலிருந்து வருபவர், பதிவு செய்து காத்திருப்பவர், சோதித்து அனுப்பப்பட்டவர், காந்த அறைக்குள் போகிறவர் என்று. ஒவ்வொன்றையும் தாண்டினால்தான் அடுத்தது. எச்சரிக்கைப் பலகையை நம்பி எதையும் விடக்கூடாது, வழியையே அப்படி அமைக்க வேண்டும் என்பதுதான் இதன் சாரம்.

ஸ்கெட்சில் காந்த அறைக்குப் பின்னால் ஒரு கதவு நம் சர்வீஸ் வராந்தாவில் திறக்கிறது. இரும்பு வாளியோடு வீடு பெருக்க வரும் அம்மா, சிலிண்டர் தூக்கி வரும் தம்பி, புகையைப் பார்த்துத் தீயணைப்பானை எடுத்துக்கொண்டு ஓடும் நம் செக்யூரிட்டி, எல்லாரும் போகிற வராந்தா அது. அந்தக் கதவு இருக்கவே கூடாது. நம் செக்யூரிட்டிக்கும் தனியாகச் சொல்லித்தர வேண்டும், மாறும்போதெல்லாம் திரும்பவும்.

சத்தம். ஸ்கேன் நடக்கும்போது வரும் டமடம சத்தத்தை எல்லாரும் கேட்டிருப்பீர்கள், அது ராத்திரி நின்றுவிடும். நிற்காதது ஹீலியத்தைக் குளிரில் வைக்கும் பம்பின் சத்தமும், அதற்காக வெளியே ஓடும் சில்லரின் சத்தமும்தான். குடியிருப்புப் பகுதியில் ராத்திரி பத்து மணிக்கு மேல் 45 டெசிபல் என்பது 2000-ஆம் வருஷ விதி. சில்லர் எங்கே வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து 101-க்கோ 'சி' பிளாக்குக்கோ தூக்கம் போகும். கரண்ட் போனாலும் இது ஓட வேண்டும். அதற்கு அவர்கள் தனி ஜெனரேட்டர் வைக்கட்டும், நம்முடையதைத் தொடக்கூடாது. அதைப் பேஸ்மென்டிலும் வைக்கக்கூடாது. 2015 டிசம்பரில் அங்கே எவ்வளவு தண்ணீர் நின்றது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர்கள் ஏ.சி. குழாய் எதுவும் நம் ஷாஃப்டுக்குள் நுழையக்கூடாது. 2011-இல் கொல்கத்தாவில் ஒரு மருத்துவமனையின் பேஸ்மென்டில் பிடித்த தீ மேலே போகவே இல்லை, புகைதான் போனது. சுமார் 90 பேர் செத்தார்கள்.

செயலாளர் சார் என்னிடம் கேட்டார்: "இவ்வளவும் கேட்டால் அவர்கள் ஓடிவிட மாட்டார்களா?" ஓடலாம். ஆனால் நான் சொன்னதில் பெரும்பாலானதை ஒழுங்காக நடத்துகிற எந்த ஸ்கேன் சென்டரும் செய்துதான் ஆக வேண்டும். நாம் கேட்பது, எங்கே செய்கிறீர்கள் என்று முன்கூட்டியே காட்டச் சொல்வது மட்டும். மெஷின் மாடல், 5 காஸ் கோட்டைத் தரையிலும் குறுக்குவெட்டிலும் போட்ட வரைபடம், குவென்ச் குழாயின் பாதை, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்துப் போட்ட எடைக் கணக்கு. இவை வந்தபின் தடையில்லாச் சான்றைப் பேசலாம் என்பது என் யோசனை. காந்தம் ஒருநாள் பழசாகி வெளியே போகும்போது எந்தச் சுவரை இடிப்பார்கள், திரும்பக் கட்டித் தருவது யார் என்பதையும் கேட்டு வையுங்கள். சின்ன விஷயம் மாதிரி தெரியும். அட்வான்ஸ் தொகை அதில் காணாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

வரைபடம் வந்ததும் கிளப் ஹவுஸ் மேஜையில் விரித்து வைக்கிறேன். 101, 102 வீட்டுக்காரர்களும் பேஸ்மேக்கர் வைத்திருக்கும் மூன்று பேரும் கட்டாயம் வாருங்கள். மாமா, உங்கள் காரை மட்டும் இப்போதைக்கு அங்கேயே விடுங்கள், அங்கே இன்னும் எந்தக் காந்தமும் இல்லை.