குட்டி மீன் பிழைத்தால்தான் தவணை கட்டலாம்



வண்ண மீன் வளர்க்க உட்கடன் கேட்டு நம்ம குழுக்களில் பேச்சு வருது. சென்னை கொளத்தூர்ப் பக்கம் பல குடும்பங்கள் இந்தத் தொழிலில்தான் பிழைக்கிறாங்க. தறி வேலைக்கு நடுவே நாமும் செய்யலாம். ஆனா ஒண்ணு. கப்பி மீன் ஏறக்குறைய நாலு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். ஒரு ஈற்றில் இருபது, முப்பது இருக்கும். விடிஞ்சு பார்த்தா ஒண்ணுகூட மிஞ்சாது. பெற்ற தாயே தின்னிருக்கும். தவணைத் தேதி மட்டும் அப்படியே நிற்கும்.

தாயைத் திட்டிப் பயனில்லை. வாயில் அடங்குவது எது அசைந்தாலும் அதுக்கு இரைதான். அதனால வயிறு பருத்து, வால்பக்கக் கருப்புப் புள்ளி பெரிசானதும் தாயைத் தனித் தொட்டிக்கு மாத்துங்க. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கூடையை அந்தத் தொட்டியில் மிதக்கவிட்டு, தாயை அதுக்குள்ளே விடுங்க. குட்டிகள் ஓட்டை வழியா வெளியே வந்துடும். கூடை இல்லையா, வேலம்பாசியை அடர்த்தியாப் போடுங்க. குட்டி அதில் ஒளிஞ்சுக்கும். கொஞ்சமாவது தேறும். குட்டி போட்டு முடிஞ்சதும் தாயைப் பழைய தொட்டிக்கே அனுப்பிடணும்.

அவிச்ச முட்டை மஞ்சள் கருவைத் துணியில் கட்டி, தண்ணியில் லேசாப் பிழிஞ்சா குட்டிக்குப் போதும். நாளைக்கு மூணு நாலு தடவை, கொஞ்சம் கொஞ்சமா. மிஞ்சினா தண்ணி நாறும், குட்டி சாகும். ஃபில்டர் வாயில் ஸ்பாஞ்சு கட்டுங்க, இல்லேன்னா உறிஞ்சிடும். குளோரின் போட்ட குழாய்த் தண்ணியை ஒருநாள் திறந்துவெச்சு ஊத்துங்க. நம்ம ஊருக்குன்னு ஒரு எச்சரிக்கை: சாயம் தோய்ச்ச பாத்திரம், சோப்பு பட்ட வாளி எதையும் தொட்டிப் பக்கம் கொண்டுபோகாதீங்க.

ஒன்று, ஒன்றரை மாசத்தில் பெரிய மீன் வாயில் அடங்காத அளவு வளர்ந்தபிறகு ஒண்ணா விடலாம். அவசரப்பட வேண்டாம்.

ஃபைட்டர் மீனில் கதை வேற. அங்கே அப்பாதான் நுரைக்கூடு கட்டி முட்டையைக் காப்பார். முட்டை போட்டதும் அம்மாவை எடுத்துடணும். குஞ்சு தானா நீந்த ஆரம்பிச்சதும் அப்பாவையும் எடுத்துடணும்.

விற்காத மீனை ஏரியிலோ பாலாற்றிலோ விடாதீங்க. முதல்ல ஒரு தொட்டி, அஞ்சு கப்பி. அதில் ரெண்டு ஈற்று தேறட்டும், அப்புறம் கடன் மனு எழுதலாம்.