ஆப் அப்டேட் ஆகும்போது உங்கள் பழைய தகவல் என்ன ஆகிறது?



மக்கள் சேவைச் செயலிகளைப் பற்றிப் பேசும்போது, எப்படி விண்ணப்பிப்பது, எப்படிக் கட்டணம் கட்டுவது என்றுதான் வழக்கமாகப் பேசுவோம். இன்னைக்குக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம்.

போனில் ‘அப்டேட்’ பொத்தானை அழுத்துறீங்க. இரண்டு நிமிஷத்தில் புது ஆப் வந்துவிடுகிறது. ஏற்கெனவே பதிந்த பெயர், முகவரி, பாதி நிரப்பி வைத்த விண்ணப்பம் எல்லாம் அப்படியே இருக்கிறது. இது தானாக நடப்பதில்லை. பழைய தகவலைப் புது ஆப்புக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுக்கும் வேலையை ஒருவர் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார். அந்த வேலையில் குறை இருந்தால்தான் “அப்டேட் பண்ணேன், எல்லாம் போயிடுச்சு” என்ற புகார் வருகிறது.

பதிவேட்டின் கட்டங்கள்

கிராம நிர்வாக அலுவலகத்தில் பதிவேடு பார்த்திருப்பீங்க. மேலே வரிசை எண், பெயர், தகப்பனார் பெயர், முகவரி என்று கட்டம் போட்டிருப்பார்கள். கம்ப்யூட்டரில் தகவலைச் சேர்த்து வைக்கும் இடம் டேட்டாபேஸ். அதில் எந்தெந்தக் கட்டம் இருக்க வேண்டும், எந்தக் கட்டத்தில் எழுத்து வரும், எதில் எண் வரும் என்ற அமைப்புக்கு ‘ஸ்கீமா’ என்று பெயர்.

காலம் மாறினால் கட்டங்களும் மாற வேண்டும். 2014-ல் உச்ச நீதிமன்றம் திருநர் சமூகத்தினரை மூன்றாம் பாலினமாக அங்கீகரித்தது. ‘ஆண்’, ‘பெண்’ என்று இரண்டு விடைக்கு மட்டும் இடம் விட்டுக் கட்டிய டேட்டாபேஸில் ஒரு திருநங்கை விண்ணப்பிக்கவே முடியாது. திரையில் ஒரு பொத்தானைச் சேர்த்தால் மட்டும் போதாது. அடியில் இருக்கும் கட்டமும் மாற வேண்டும்.

இன்னொன்று நமக்கெல்லாம் தெரிந்தது. 2019-ல் வேலூர் மாவட்டம் பிரிந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இரண்டு புது மாவட்டங்கள் வந்தன. அதே ஆண்டில் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டும் வந்தன. 2020-ல் மயிலாடுதுறையும் சேர, மொத்தம் 38 மாவட்டம் ஆனது. ஒரு டேட்டாபேஸில் ‘வேலூர்’ என்று இருப்பதையெல்லாம் ஒரே அடியாக ‘ராணிப்பேட்டை’ என்று மாற்ற முடியுமா? முடியாது. அரக்கோணம்காரர் ராணிப்பேட்டைக்குப் போக வேண்டும், ஆம்பூர்காரர் திருப்பத்தூருக்குப் போக வேண்டும், காட்பாடிக்காரர் வேலூரிலேயே இருக்க வேண்டும். வட்டத்தைப் பார்த்துத்தான் மாவட்டத்தை மாற்றணும். அதே நேரத்தில், 2005-ல் கொடுத்த ஒரு சான்றிதழில் ‘வேலூர் மாவட்டம்’ என்று இருந்தால் அந்தப் பதிவைத் தொடக்கூடாது. அன்றைக்கு அதுதான் உண்மை. மாற வேண்டியது எது, மாறக்கூடாதது எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த வேலையில் கஷ்டமான பகுதி.

உங்கள் போனுக்குள் ஒரு எண்

உங்கள் போனிலேயே சின்னச் சின்ன டேட்டாபேஸ்கள் பல இருக்கின்றன. ஆண்ட்ராய்டு ஆனாலும் ஐபோன் ஆனாலும், பெரும்பாலும் அது ‘எஸ்கியூலைட்’ என்ற மென்பொருள்தான். ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர் 2000-ல் வெளியிட்டது; யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம்.

அந்த எஸ்கியூலைட் கோப்பின் தலைப்பகுதியில் ஒரு எண்ணுக்கு இடம் இருக்கிறது. ஆப் எழுதுபவர் அதில் ‘இந்தக் கட்ட அமைப்பு எத்தனையாவது பதிப்பு’ என்று குறித்து வைக்கலாம். புது ஆப்பை முதல் தடவை திறக்கும்போது அது இந்த எண்ணைப் பார்க்கிறது. கோப்பில் 3 என்று இருக்கிறது, ஆப்புக்கு வேண்டியது 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 3-லிருந்து 4, 4-லிருந்து 5, அப்புறம் 6, அப்புறம் 7 என்று படிப்படியாக மாற்றிக்கொண்டு வரும். ஆறு மாசமாக அப்டேட் பண்ணாத போனும், போன வாரம் பண்ணிய போனும் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து சேருவது இப்படித்தான்.

ஆண்ட்ராய்டின் வழக்கமான முறையில் இந்த மாற்றம் ‘நடந்தால் முழுசாக நடக்கணும், இல்லையென்றால் எதுவுமே நடக்கக்கூடாது’ என்ற விதிப்படி ஓடும். நடுவில் தவறு வந்தால் தகவல் பழைய நிலைக்கே திரும்பிவிடும். பணம் அனுப்பும்போது உங்கள் கணக்கில் கழிந்து, அவர் கணக்கில் சேராமல் நின்றுவிடக் கூடாது இல்லையா, அந்த மாதிரி.

நடுவில் ஒரு படியை எழுத விட்டுவிட்டால் என்ன ஆகும்? இரண்டில் ஒன்று நடக்கலாம். ஒன்று, ஆப் திறந்த உடனே மூடிக்கொள்ளும். இன்னொன்று இதைவிட மோசம். கூகுள் தரும் ‘ரூம்’ என்ற கருவியில், மாற்றும் வழி தெரியாவிட்டால் பழைய அட்டவணைகளை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு என்று சொல்லும் வசதி ஒன்று உண்டு. சர்வரிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளக்கூடிய தகவல் என்றால் அதனால் பாதகம் இல்லை. போனில் மட்டுமே இருக்கும் தகவல் என்றால் அது திரும்ப வராது.

திறக்காத ஆப், அழியாத தகவல்

சிக்னல் கிடைக்காத மலைக்கிராமத்தில் வீடு வீடாகக் கணக்கெடுக்கும் ஊழியர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். 40 வீட்டு விவரம் போனில் இருக்கிறது, இன்னும் சர்வருக்குப் போகவில்லை. அப்டேட் ஆன பிறகு ஆப் திறக்கவில்லை. பக்கத்தில் இருப்பவர் சொல்வார்: “அன்இன்ஸ்டால் பண்ணிட்டுத் திரும்பப் போடுங்க, சரியாயிடும்.” ஆப் சரியாகிவிடும். ஆனால் 40 வீட்டு விவரமும் போய்விடும். கடன் பாக்கிக் கணக்கைப் போனில் எழுதி வைக்கும் மளிகைக்கடைக்காரருக்கும் இதே கதிதான்.

ஆப் திறக்கவில்லை என்பதும் தகவல் அழிந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. இன்றைய பேச்சில் இந்த ஒன்றை மட்டும் மறக்காதீங்க. பெரும்பாலும் தகவல் பழைய கட்டத்தில் பத்திரமாகத்தான் இருக்கும். விடுபட்ட படியைச் சேர்த்து அடுத்த அப்டேட் வந்தால் அது மறுபடி கிடைக்கும். அன்இன்ஸ்டால் செய்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

சர்வர் பக்கம்

சர்வரிலும் இதே முறைதான். ‘ஃப்ளைவே’, ‘லிக்விபேஸ்’ போன்ற கருவிகள் இருக்கின்றன. எந்தெந்த மாற்றம் செய்தாகிவிட்டது என்பதை டேட்டாபேஸிலேயே ஒரு தனி அட்டவணையில் அவை எழுதி வைக்கும். ஒருமுறை ஓடிய மாற்றத்தைப் பிறகு யாராவது திருத்தியிருந்தால் ஃப்ளைவே கண்டுபிடித்து நிறுத்திவிடும். வெளிவந்த அரசாணையை யாரும் அடித்துத் திருத்துவதில்லை, திருத்த ஆணைதான் போடுவார்கள். இங்கேயும் அதே ஒழுங்கு.

சர்வருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. எல்லாரும் ஒரே நாளில் அப்டேட் பண்ண மாட்டீங்க. பழைய ஆப்பும் புது ஆப்பும் ஒரே சர்வரிடம் பேசிக்கொண்டிருக்கும். அதனால் நல்ல குழு பழைய கட்டத்தை உடனே எடுக்காது. முதலில் புதுக் கட்டத்தைப் பக்கத்தில் சேர்க்கும். கொஞ்ச காலம் இரண்டிலும் எழுதும். பழைய தகவலைப் புதுக் கட்டத்துக்கு மாற்றிச் சரிபார்க்கும். பழைய ஆப்பை யாரும் பயன்படுத்தாத பிறகுதான் பழைய கட்டத்தை நீக்கும். ‘தொடர்ந்து பயன்படுத்த அப்டேட் செய்யவும்’ என்று சில நேரம் கட்டாயப்படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீங்கள் செய்ய வேண்டியது

- அப்டேட்டுக்கு முன், அனுப்பாமல் வைத்திருக்கும் படிவங்களை அனுப்பிவிடுங்கள். ஆப்பில் பேக்கப் வசதி இருந்தால் எடுத்து வையுங்கள்.
- போனில் கொஞ்சம் காலி இடம் இருக்கட்டும். கட்டம் மாற்றும்போது கூடுதல் இடம் தேவைப்படும்.
- அப்டேட் ஆன பிறகு முதல் தடவை திறக்கும்போது நேரம் ஆனால் பொறுங்கள். மாற்றம் அப்போதுதான் நடக்கிறது.
- ஆப் திறக்கவில்லை என்றால் போனை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். அப்புறம் ‘கிளியர் கேச்’ செய்து பாருங்கள், அது தற்காலிகக் கோப்புகளை மட்டும் நீக்கும். ‘கிளியர் டேட்டா’ அல்லது ‘கிளியர் ஸ்டோரேஜ்’ பக்கம் போகாதீங்க, அது எல்லாவற்றையும் அழித்துவிடும்.
- ஐபோனில் ‘ஆஃப்லோட் ஆப்’ செய்தால் தகவல் இருக்கும், ‘டெலிட் ஆப்’ செய்தால் இருக்காது.
- “பழைய ஆப்பே நல்லா இருந்துச்சு” என்று வேறு எங்கிருந்தோ பழைய பதிப்பை இறக்காதீர்கள். பாதுகாப்பும் இல்லை. 7-க்கு மாறிய தகவலை 3-க்கு எழுதிய ஆப்பால் படிக்கவும் முடியாமல் போகலாம்.
- புகார் கொடுக்கும்போது ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதாமல், ஆப்பின் பதிப்பு எண், அப்டேட் செய்த நாள், போன் மாடல், திரையில் வந்த செய்தி ஆகியவற்றையும் சேருங்கள். எந்தப் படியில் சிக்கியது என்று கண்டுபிடிக்க அதுதான் உதவும்.

இத்தனையும் கேட்டுவிட்டு அப்டேட்டே வேண்டாம் என்று முடிவு பண்ணிவிடாதீங்க. பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்வதும் அப்டேட்டில்தான் வருகிறது. வீட்டில் பெரியவர்களின் போன்களை நீங்கள்தானே பார்த்துக்கொள்வீர்கள்? இன்று வீட்டுக்குப் போனதும், அவர்கள் போனில் அனுப்பாமல் நிற்கும் படிவம் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார்த்து அனுப்புங்கள். அப்டேட்டை அதன் பிறகு போட்டுக்கொள்ளலாம்.